மணல் திட்டில் சொன்ன பாங்கு

என் லாத்தா, அதாவது அக்கா, மரியத்தின் கணவர் காதர் மச்சானை நான்தான் கடலுக்கு இழுத்துப் போனேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அல்லாஹ் என் துஆவை, என் வேண்டுதலைக் கேட்டான் என்று சொல்ல வந்தவன், தன் குற்றத்தை மறைத்துக்கொண்டு சொன்னால் அது நன்றியாகாது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், தை மாதக் கடைசி. ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் மீமிசலுக்குக் கிழக்கே ஒரு மணல் திட்டில், சாய்ந்து விழுந்த படகின் மேல் நாங்கள் இருவரும் கிடந்தோம். தண்ணீர்க் குடம் உடைந்து போயிருந்தது. மச்சானுக்கு விலா எலும்பு முறிந்திருந்தது. இருமினால் இரத்தம் வந்தது. கரை ஒரு கோடு போலத் தெரிந்தது. திட்டைத் தாண்டினால் ஆழம். அவரைத் தூக்கிக்கொண்டு நீந்த என்னால் ஆகாது. எங்கள் கோட்டைப்பட்டினத்துத் தோணிகள் ஜும்ஆத் தொழுகை நாளான வெள்ளிக்கிழமை கடலில் இறங்குவதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் "ஆள் இருக்கா, ஆள் இருக்கா" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

இந்த நிலைக்கு எப்படி வந்தோம்?

எனக்கு அப்போது இருபது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டை வாசகசாலையில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை கையில் கிடைத்தது. வெள்ளைக்காரன் ஒருவன் சின்னப் பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றி வந்த கதை. படங்களும் இருந்தன. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் பிறகு விடவேயில்லை. மச்சானிடம் ஒரு பழைய வத்தை சும்மா கிடந்தது. வத்தை என்பது எங்கள் பக்கத்துத் தட்டையான தோணி. கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கினேன். படத்தில் இருந்ததுபோலவே அதன் அடியில் நீளமாகக் கீழ்நோக்கி ஒரு கனத்த பலகையை இறக்கி, இரும்பு அடிக்கச் செய்தேன். அது இருந்தால் எதிர்க்காற்றிலும் படகு சாயாது என்று எழுதியிருந்தது.

மச்சான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னா மாப்ளே இது? கப்பலா, கலப்பையா? கடலை உழுது நெல்லு வெதைக்கப் போறியா?"

"உங்களுக்குத் தெரியாது மச்சான். இது சயின்ஸ்."

"ஒன் சயின்ஸ் ஆழக் கடலுக்குச் சரி. நம்ம கடலு முழங்காத் தண்ணிடா. எடுத்துரு அதை."

நான் எடுக்கவில்லை. தனியே போய்விடுவேன் என்று மிரட்டினேன். அதற்குப் பயந்துதான் அவர் கூட வந்தார்.

பதினோரு நாள் சுற்றினோம். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன். பாம்பன் கால்வாயைத் தாண்டினால் தீவுகள். கண்ணாடி போன்ற தண்ணீருக்கு அடியில் பவளப்பாறைகள் பூத்துக் கிடந்தன. ஆளில்லாத மணலில் இறங்கி மீன் சுட்டுத் தின்றோம். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மச்சான் ஐந்து வேளையும் படகிலேயே தொழுவார். "சுக்கானை ஆட்டாமப் பிடி, கிப்லா மாறிரும்" என்பார். நான் தொழுவதை விட்டு வெகுநாளாகியிருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே சுக்கானைத் திருப்பினேன். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டுப் பார்த்தால், மேற்கே மக்காவை நோக்க வேண்டியவருக்கு முன்னே கிழக்கே இலங்கை.

"ஏண்டா, நான் ஒருத்தன் தொழுகுறது ஒனக்குப் பொறுக்கலையா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என்னைக் குத்துகிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் மீமிசலைத் தாண்டினோம். இன்னும் கொஞ்ச தூரம்தான் ஊர். "வெளியே போ மாப்ளே. இங்கிட்டு ஆழமில்ல" என்றார் மச்சான். வெளிச்சம் போவதற்குள் என் பாயை ஊரார் பார்க்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. நேரே விட்டேன். பலகை மணலில் போய்ச் சொருகியது. படகு சாய்ந்தது. பாய்க்கம்பு சுழன்று வந்து மச்சானின் விலாவில் அடித்தது. வெறும் வத்தையாக இருந்திருந்தால் அந்தத் திட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கும்.

வெள்ளி போயிற்று. சனிக்கிழமை விடியற்காலை ஒரே பனிமூட்டம். என் கை எனக்கே தெரியவில்லை. மச்சானின் மூச்சு கரகரவென்று கேட்டது. நான் மறுபடி கத்த வாயைத் திறந்தேன்.

"கத்தாதே" என்றார். "சுபுஹு நேரமாச்சு. பாங்கு சொல்லு."

"மச்சான், எனக்கு..."

"மறந்துட்டியா? சொல்லு. வந்துரும்."

எழுந்து நின்றேன். காதில் விரல் வைத்தேன். யா அல்லாஹ், இவரை உயிரோடு கரை சேர்த்துவிடு, என் லாத்தாவிடம் ஒப்படைத்துவிடு என்று மனசுக்குள் கேட்டேன். அதற்குமேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. தொழுகைக்கு அழைக்கும் அந்த வார்த்தைகளை அழுதுகொண்டே சொன்னேன். சுபுஹுக்கு மட்டும் உரிய ஒரு வரி உண்டே, தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று, அதை விட்டுவிட்டேன். கீழே கிடந்தவர் அந்த வரியை மெல்ல எடுத்துக் கொடுத்தார். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். மூன்றாம் தடவை முடிக்கும்போது துடுப்புச் சத்தம் கேட்டது.

மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு தோணி வந்தது. பக்கத்துக் குப்பத்துக் காளிமுத்து அண்ணனும் அவர் தம்பியும்.

"அட, யாருப்பா அது? நடுக்கடல்ல பள்ளிவாசலு கட்டிருக்கீங்களா?" என்றவர், மச்சானைப் பார்த்ததும் திட்டில் குதித்து ஓடி வந்தார். பிறகு சொன்னார்: "தெசை தெரியாம நின்னோம் தம்பி. பாங்கு கேட்டுச்சு. கோட்டைப்பட்டினம் வந்துருச்சு, கரை அங்கிட்டுத்தான்னு நெனச்சுத் திருப்புனேன்."

நான் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை, சகோதரர்களே. அல்லாஹ்வைக் கூப்பிட்டது கேட்டது. கரை என்று நம்பி அவர்கள் எங்களிடம் வந்தார்கள்.

மச்சான் உயிரோடு கரை சேர்ந்தார். லாத்தாவின் கையால் தண்ணீர் குடித்தார். மூன்று நாள் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். நாலாம் நாள் நண்பகல் ளுஹர் தொழுகைக்கு முன் கண்ணை மூடி மௌத்தாகிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் பட்ட வேதனையை எப்படி எழுதுவது? கரை சேர்த்துவிடு என்றுதானே கேட்டேன்? பிழைக்க வை என்று ஏன் கேட்கவில்லை? என் வாயால்தான் அவர் போனார் என்று உருகினேன். லாத்தாவின் முகத்தைப் பார்க்கவே அஞ்சினேன். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் அவள் காலடியில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, சுக்கான், துஆ, எல்லாம்.

அவள் என்னைத் தூக்கி உட்காரவைத்தாள். பிறகு சொன்னாள்: "பலகையை நான் மன்னிக்க நாளாகும்டா தம்பி. ஆனா துஆவைக் கொறை சொல்லாதே. என்னத்தைக் கேக்கணும்னு ஒனக்குத் தெரியாது. என்னத்தைக் குடுக்கணும்னு அவனுக்குத் தெரியும். கடலு அவரைத் தின்னுட்டுப் போயிருந்தா நான் எந்த அடக்க மண்ணுல போயி ஸலாம் சொல்லுவேன்?"

அன்று மாலையே அந்தப் பலகையைக் கழற்றினேன். வத்தை மறுபடி வத்தையானது. இன்று அதில்தான் தொழில் செய்து லாத்தா வீட்டுக்கு என்னால் ஆனதைக் கொடுக்கிறேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் கேட்டு, சுபுஹு பாங்கு சொல்லும் பொறுப்பை நான் வாங்கிக்கொண்டேன். பனிமூட்ட நாட்களில், பள்ளிவாசலில் சொன்னபின் கடற்கரைக்குப் போய் இன்னொரு தடவையும் சொல்கிறேன். யாராவது திசை தெரியாமல் நிற்கலாம்.

இதைப் படிக்கும் சகோதரரே, உங்களுக்கும் சிக்கிக்கொண்ட ஏதோ ஒரு மணல் திட்டு இருக்கும். சரியாகக் கேட்கத் தெரியவில்லையே என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். கூப்பிடுங்கள். நான் தப்பும் தவறுமாகத்தான் கூப்பிட்டேன். இப்போதும், அன்று நான் விட்ட அந்த ஒரு வரி வரும்போது என் குரல் நின்றுவிடுகிறது. கீழேயிருந்து யாரோ மெல்ல எடுத்துக் கொடுப்பதுபோல இருக்கிறது. பிறகு சொல்லி முடிக்கிறேன்.