பயமில்லை என்று நான் எழுதிக் கொடுத்த இடம்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம். நாலு நாள் விட்டு விட்டுப் பெய்த மழை அன்று காலையில்தான் நின்றிருந்தது. வானம் மட்டும் மூடியபடியே இருந்தது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, எங்கள் குளத்தூர்ப் பக்கத்துப் பொழிக்கரையில் நடந்த விஷயம் இது. இப்போதும் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது சில நேரம் அந்த மணலின் அதிர்வு என் உள்ளங்காலில் வரும். மிஷின் ஓடாமல் நிற்கும்போதும் வரும்.

எங்கள் வீடு திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, உதியன்குளங்கரையில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்று நான்தான் சொல்கிறேன், வீட்டுக்காரரைக் கேட்டால் வேறு சொல்வார். வெளியே கிளம்பினால் கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பேன். பஸ்ஸில் ஏறிவிட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வந்து நாலாவது தடவை பார்த்ததும் உண்டு.

எங்கள் ஒரே மகளைக் கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கல்யாணம் முடிந்து எட்டாவது மாதம், சம்பந்தியும் அவர் மனைவியும் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சம்பந்தியம்மாளை நான் மைனி என்பேன். அவர் என்னை மதினி என்பார். திருவனந்தபுரத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குப் பல வருஷத்து ஆசை. மகள் போனில், "அம்மா, அத்தைக்கு ஒரு குறையும் வராம பாத்துக்கணும் கேட்டியா. இங்க நான்தான் பதில் சொல்லணும்" என்றாள். பிறகு எனக்குத் தூக்கம் எப்படி வரும்?

நான் ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து, இரண்டு நாளில் பார்க்க வேண்டிய இடங்களை எழுதினேன். ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் எழுதினேன். மியூசியம்: நல்ல இடம், மழைக்குப் படி வழுக்கும். மிருகக்காட்சி சாலை: குரங்குக் கூண்டுப் பக்கம் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. பத்மநாபசாமி கோயில்: போன் உள்ளே விட மாட்டார்கள், சேலைதான் நல்லது, கூட்டத்தில் கையை விடக் கூடாது. சாலை பஜார்: பையை முன்பக்கம் போட வேண்டும். கோவளம்: சிவப்புக் கொடி இருந்தால் காலைக்கூட நனைக்கக் கூடாது. இரண்டாம் நாள் செங்கல் சிவன் கோயில்: லிங்கத்துக்குள் ஏறிப் போகும் வழியில் மூச்சு முட்டினால் திரும்பிவிட வேண்டும்.

கடைசியாக, பொழிக்கரை. ஊருக்கு வருகிறவர்கள் யாராவது என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்லுகிற இடம் அதுதான். ஆறு கடலில் சேருகிற வாயில் மணல் வந்து அடைத்துத் திட்டாகக் கிடக்கும். அதைத்தான் பொழி என்போம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் நாம் நடந்து போகலாம். வருஷா வருஷம் தை மாதத்தில் எங்கள் பெண்கள் குழுவோடு அங்கே போவேன். புளிச்சாதம் கொண்டு போய், மணலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டு, ஓடிப்பிடித்து விளையாடிவிட்டு வருவோம். நான் பயப்படாமல் சிரித்த இடம் என்றால் அது ஒன்றுதான். அதனால் அதன் பக்கத்தில், 'இங்கே ஒரு பயமும் இல்லை' என்று எழுதினேன்.

மைனி அந்தத் தாளை வாசித்துவிட்டு நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

முதல் நாள் முழுக்க அவர்கள் இரண்டு பேருக்கும் நான்தான் வேடிக்கை. மியூசியம் படியில் மைனி கையைப் பிடித்தேன், கோயில் கூட்டத்தில் அவர் முந்தானையைப் பிடித்தேன். சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் எங்கோ தூரத்தில் வரும்போதே "மைனி, வண்டி!" என்று கத்தினேன். சம்பந்தி சிரித்துவிட்டார். "மதினி கூட வந்தா தனியா இன்சூரன்ஸ் எடுக்க வேண்டாம்ல" என்றார். வீட்டுக்காரர் ஒரு சிநேகிதரிடம் கார் கேட்டு வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "சும்மா இரி. அவிய ஊரு சுத்த வந்ததாக்கும், ஆஸ்பத்திரிக்கு வரல்ல" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாளைக்கு வாயையே திறக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் செங்கல் கோயிலை முடித்து, சாப்பிட்டுவிட்டு, பொழிக்கரைக்குப் போனோம். காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வீட்டுக்காரர் அங்கேயே நின்றார். நாங்கள் மூன்று பேரும் இறங்கி நடந்தோம்.

அங்கே ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நாள், கடலை விற்பவர்கூட இல்லை. மீன்பிடி வள்ளங்களை எப்போதும் மணலில்தான் இழுத்துப் போட்டிருப்பார்கள். அன்றைக்கு அவை மேலே, தென்னை மூட்டில் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தன. எங்களோடு வாலாட்டிக்கொண்டு வந்த இரண்டு நாய்கள் மணல் தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டன. மைனி பிஸ்கட்டை நீட்டிக் கூப்பிட்டும் வரவில்லை. வாலையும் ஆட்டவில்லை.

மணலில் ஒரு பச்சைத் தென்னோலையை நட்டுக் குத்தி வைத்திருந்தார்கள். "கோயில் திருவிழாவா இருக்கும்" என்றார் சம்பந்தி. கையில் இருந்த குடையை அதில் தொங்கவிட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி உதறத் தொடங்கினார். அந்த ஓலை எதற்கு என்று எனக்கும் தெரியாது. தை மாதத்தில் அங்கே ஓலை குத்தி நான் பார்த்ததே இல்லை.

மைனி ஓலையைத் தாண்டி, போனில் வீடியோ எடுத்துக்கொண்டே முன்னால் போய்விட்டார். "எங்கூர்ல தண்ணி லாரியில வரும், மதினி. இங்க பாருங்க, ஆறும் கடலும் பக்கத்துல பக்கத்துல படுத்துக் கெடக்கு" என்று குரல் மட்டும் வந்தது. திட்டு நடுவில் லேசாகக் குழிந்து, பிறகு மறுபடி ஏறியது. அவர் அந்தக் குழியையும் கடந்து, அந்தப் பக்கத்து மேட்டில் போய் உட்கார்ந்தார்.

அப்போதுதான் நான் ஆற்றைப் பார்த்தேன். தை மாதத்தில் ஆறு எங்கோ கீழே கிடக்கும். அன்றைக்கு அது மணலின் விளிம்புக்குச் சமமாக நின்றது. கலங்கின டீ நிறம். ஒரு அலை இல்லை, ஒரு சுழி இல்லை. கடல் அந்தப் பக்கம் இரைந்துகொண்டே இருக்க, இந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்லை. எங்கிருந்தோ வந்த தேங்காய்களும் பாசியும் அப்படியே நின்றன. நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, நிமிர்ந்தபடி, பாதி முங்கி நின்றது. யாரோ உட்கார்ந்து எழுந்து போனது போல. அது எங்களைப் பார்த்து இருந்தது.

காலைத் தூக்கினேன். மிதித்த தடத்தில் தண்ணீர் ஊறி நிறைந்தது. மறுகாலை வைத்தேன். மணலுக்குள் ஏதோ அதிர்ந்தது. பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடும்போது சுவரில் கை வைத்தால் தெரியுமே, அதைப் போல.

மைனியைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் சம்பந்தி மறுபடியும் இன்சூரன்ஸ் என்பார், மைனி சிரிப்பார், கோவில்பட்டிக்குப் போய் என் மகளிடமும் சொல்லிச் சிரிப்பார்கள். அதைவிட, இங்கே ஒரு பயமும் இல்லை என்று எழுதிக் கொடுத்ததே நான்தானே. வாயை மூடிக்கொண்டேன். ஆயுளில் நான் என் பயத்தை விழுங்கியது அந்த ஒரு தடவைதான்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெதுவாகத் திரும்பியது. முதுகைக் காட்டியது. பிறகு, யாரோ கயிறு கட்டி இழுப்பது போல, மைனி உட்கார்ந்திருந்த பக்கமாக நகரத் தொடங்கியது.

"எலே மக்கா! அங்க ஆரு இரிக்கது?"

பின்னால் ஒரு பெண் குரல். கைலி கட்டி, மேலே துண்டு போட்ட ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், வள்ளங்களுக்கு நடுவில் இருந்து வந்தார். என்னைத் தள்ளிக்கொண்டு ஓலையைக் கடந்தார். நான் பின்னால் ஓடப் போனேன்.

"ஓடப்பிடாது! ஓடுனா மணலு எளகும். நிக்குத எடத்துல நில்லு."

அவர் ஓடவில்லை. கடல் பக்கத்து ஓரமாக, மணல் இறுகிக் கிடந்த இடமாகப் பார்த்து, காலைப் பதித்துப் பதித்து நடந்து போனார். மைனியின் அருகில் போய் ஏதோ சொன்னார். மைனி சிரித்துக்கொண்டே எழுந்தது இங்கிருந்து தெரிந்தது. அந்த அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டு பேரும் திரும்பினார்கள்.

அவர்கள் குழிவுக்கு வந்தபோது, மணலின் மேல் ஒரு தண்ணீர்க் கோடு ஆற்றில் இருந்து கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. விரல் அகலம்தான். போகும்போது அது இல்லை. மைனியின் செருப்பு ஒன்று கழன்று அதில் விழுந்தது. அவர் எடுக்கக் குனிந்தார். கோடு விரலில் இருந்து ஒரு முழம் ஆனது. நான் கண்ணை மூடவில்லை, ஆனால் அது எப்படி ஆனது என்று பார்க்கவும் இல்லை. அந்த அம்மா மைனியைக் குனிய விடாமல் இழுத்துக்கொண்டு தாண்டினார். தாண்டிய காலின் பின்னாலேயே மணல் ஒரு அப்பம் உடைகிற மாதிரி உடைந்து விழுந்தது.

அவர்கள் ஓலைக்கு இந்தப் பக்கம் வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது, மைனி உட்கார்ந்திருந்த மேடு அங்கே இல்லை. அத்தனை நேரம் செத்துக் கிடந்த ஆறு இரைந்துகொண்டு கடலுக்குள் போனது. தேங்காய்கள் போயின. பாசி போனது. நாற்காலியும் போனது, நிமிர்ந்தபடியே.

அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பொழி முறியுத நேரமாக்கும். ஓல குத்துனா ஒரு குஞ்சு அந்தப் பக்கம் போவாது. பட்டிக்குத் தெரியும் அது" என்று மணல் ஓரத்தில் நின்ற நாய்களைக் காட்டினார். "நிங்கள ஆரு இங்கோட்டு வரச் சொன்னது?"

பொழி முறிந்தது, ஆறு மணலை உடைத்துக்கொண்டு கடலில் பாய்ந்தது என்று பஸ்ஸில் பெண்கள் பேசிக்கொள்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நான் புளிச்சாதம் சாப்பிட்ட இடத்தைத்தான் சொல்கிறார்கள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

நான் கையை நீட்டினேன். காருக்குப் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைக் காட்டினேன்.

"அந்த டிரைவரு" என்றேன்.

அந்த அம்மா நேராக அவரிடம் போய், 'நீ' என்பதற்கு மலையாளத்துத் 'தான்' போட்டு ஏசினார். "தனக்குக் கண்ணில்லியாடோ? தான் இந்நாட்டுக்காரன் தானே? ஓல கண்டில்லியா? அந்தப் பெண்ணு போயிருந்தா அவளுக்க பிள்ளைகளுட்ட தான் என்ன பறயும்?" இன்னும் என்னென்னவோ கேட்டார். என் வீட்டுக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். "தப்பு பற்றிப்போச்சு சேச்சி" என்று மட்டும் சொன்னார். சம்பந்தியின் குடை இன்னும் அந்த ஓலையில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்கப் போக அவருக்குத் தைரியம் இல்லை. அந்த அம்மாதான் எடுத்து வந்து கொடுத்தார். மைனி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். என்னால் பக்கத்தில் போக முடியவில்லை.

காரில் கொஞ்ச தூரம் வந்ததும் மைனி கைப்பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்தபோது அவர் விரல் நின்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் தாளை மறுபடி நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். சம்பந்தியிடம் காட்டவும் இல்லை.

வீட்டுக்கு வந்து, அவர்கள் இரண்டு பேரும் முன்னறையில் இருக்கும்போது, அடுக்களையில் என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "டிரைவருன்னுதான பறஞ்ச. உனக்க மாப்பிளன்னு பறஞ்சிருந்தா அவ என்ன அடிச்சிருப்பா." சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அன்றைக்கு இரண்டு தடவை பொய்யாக நின்றிருக்கிறேன். பயந்தபோது பயமில்லாதவள் மாதிரி. என் தப்பு என்று தெரிந்தபோது தப்பில்லாதவள் மாதிரி. அப்போதே முன்னறைக்குப் போய், "மைனி, எனக்கு அங்க பயமும் பேடியும் வந்தது. நீங்க சிரிப்பீங்கன்னு விளிக்கல்ல" என்று சொல்லிவிட்டேன். "நாங்கதான ஒங்க வாய அடைச்சோம், மதினி" என்றார்.

தையில் நான் தனியாகப் பொழிக்கரைக்குப் போனேன். மணல் பழையபடி அகலமாக, வெள்ளையாகக் கிடந்தது. அங்கே ஒன்றும் நடக்காதது போல. அந்த அம்மாவைத் தேடிப் பிடித்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு வரச் சொன்னது டிரைவரு இல்ல சேச்சி, நானாக்கும்" என்றேன். அவர் தலை நிமிராமலே, "எனக்கு அன்னே தெரியும். அவன்ட மொகத்துல தப்பு இல்ல, உனக்க மொகத்துல இருந்தது" என்றார். பிறகு, "இரி, சாயா குடிச்சிட்டுப் போ" என்றார்.

இப்போதும் யாராவது ஊர் பார்க்க வந்தால் எழுதிக் கொடுக்கிறேன். பொழிக்கரையும் அதில் உண்டு. பக்கத்தில், 'போகும் முன் அங்கே இருக்கிறவர்களிடம் கேட்கவும், ஓலை நின்றால் திரும்பவும்' என்று எழுதுகிறேன். மைனி எங்கே கிளம்பினாலும் எனக்குப் போன் செய்வார். "மதினி, குற்றாலம் போறோம். ஒங்களுக்குப் பயமா இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்பார். ஆயுள் முழுக்க எல்லோரும் கேலி செய்த என் பயத்தை ஒருத்தி அக்கறையாகக் கேட்கும்போது, நான் ஒன்றையும் விழுங்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்த மணலில் சொல்லாமல் நின்ற ஒரு வார்த்தைக்கு அது ஈடாகாது என்று தெரிந்தும்.