ஹீட்டர் ரூம் செங்கமலம்

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், மணப்பெண்ணின் கூந்தலை நீவிக்கொண்டிருந்த மின்சாரக் கருவி சூடு மீறி முடியைக் கருக்கிவிட்டது. பெண்கள் சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பட்டு கருகினாலும் அதே நாற்றம்தான் வரும். உங்களுக்கு அது தெரியாமல் இருப்பதே நல்லது.

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் ஒயர்மேனாக இருந்தேன். சட்டைப் பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு, கரண்டே என்னைக் கேட்டுத்தான் பாய்கிறது என்று நினைத்த வயது. மழைக்காலத்தில் சாயம் போட்ட பட்டு நூல் காயாது என்பதால் முதலாளி ஓர் அறை முழுக்கக் கம்பிச்சுருள் ஹீட்டர்கள் போட்டிருந்தார். சூடு அளவைத் தாண்டினால் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் சொல்லும்; சுவரில் இருக்கும் காண்டாக்டர் 'டக்'கென்று விட்டுக் கரண்டை நிறுத்தும். ஆறியதும் திரும்பப் பிடிக்கும்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் மாகறல் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் செங்கமலம் அக்கா. எனக்குப் பத்து வயது மூத்தவர். நூல் கற்றைகளைச் சிட்டம் சிட்டமாகக் கம்பிகளில் தொங்கவிட்டு, திருப்பிப் போட்டு, காய்ந்ததும் எடுப்பார்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காண்டாக்டரைக் காட்டினார். "தம்பி, இது டக்குனு வுட மாட்டேங்குது. ஒட்டிக்கினு நின்னு, அப்பாலதான் வுடுது."

"பாயிண்ட் தேஞ்சிருக்குதுக்கா. உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டேன், ஒண்ணும் ஆவாது."

கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் அந்த பாயிண்ட் புதிதாக மதராஸிலிருந்து வரவேண்டும். முதலாளியிடம் எழுதிக் கொடுக்க எனக்குச் சோம்பல்.

மறுநாள் மதியம் மெயின் ஸ்விட்ச் இருந்த அறையைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன். மழை வலுத்தது. இன்னொரு டீ சொன்னேன்.

திரும்பியபோது தெருமுனையிலேயே அந்த நாற்றம். காண்டாக்டரின் பாயிண்ட்டுகள் உருகி ஒட்டிக்கொண்டு, கரண்ட் நிற்காமல் ஓடியிருந்தது. மெயின் ஸ்விட்ச் அறை பூட்டியிருந்ததால் நிறுத்த வழியில்லாமல் அக்கா உள்ளே புகுந்து நூலை வாரி வெளியே போட்டிருந்தார். நூல் தொங்கிய, சூடேறிய இரும்புக் கம்பிகள் இரண்டு முன்கைகளையும் தீய்த்திருந்தன. பாதி நூலுக்குமேல் கருகிப் போயிருந்தது.

முதலாளி அக்காவைப் பார்த்துக் கத்தினார். "தூங்கினியா நீ?"

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போனது போச்சு. வாய மூடிக்கினு வேலையப் பாரு" என்றார்.

அன்று மாலையே சைக்கிளில் மாகறல் போனேன். கைகளில் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். சாவியைப் பற்றி நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"தெரியும் தம்பி. அன்னிக்கே நீ வாயத் தொறப்பேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அவ்வளவுதான். முதலாளி திரும்ப அழைக்கவும் இல்லை, அக்கா வரவும் இல்லை. அடுத்த பொங்கலுக்குள் நானும் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

பட்டறை இடிந்து அங்கே கடைகள் வந்துவிட்டன. அக்காவும் முதலாளியும் போய்ச் சேர்ந்தாயிற்று. அங்கே வேலை செய்த பன்னிரண்டு பேரும் கடைசிவரை செங்கமலம் தூங்கிவிட்டார் என்றே நம்பினார்கள். அவர்களிடம் நான் சொல்லவே இல்லை. இப்போது சொல்லலாமென்றால், அவர்களில் ஒருவரும் இல்லை.