லிஃப்ட்காரர் மகள் பள்ளிக்கூடம் போன கதை

லிஃப்ட் பழுதுபார்க்கும் ஆட்கள் மத்தியில் அவருக்குப் பெயர் பட்டாசு. கோபக்காரர் என்பதால் அல்ல. எந்தச் சின்ன விஷயமும் அவருக்குப் பெரிய செய்தி. உறுமிக்கொண்டிருந்த பழைய மோட்டார் ஒன்று சீராக ஓட ஆரம்பித்துவிட்டால், கட்டடத்துக் காவலாளியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "கேளுங்க, கேளுங்க, பூனை தூங்கற மாதிரி இல்ல?" என்பார். காவலாளிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனாலும் சிரித்துவைப்பார்.

இப்பேர்ப்பட்டவர், "மகளை இனிமே வீட்டுலயே படிக்க வைக்கப்போறேன்" என்று அறிவித்தபோது உறவுக்காரர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு நாள் கூத்து என்று நினைத்தார்கள்.

ஆனால் காரணம் இருந்தது. மூன்றாம் வகுப்பில் மகளுக்குக் காலையானால் வயிற்று வலி. விடுமுறையில் வராது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். "ஒண்ணுமில்லாத வலிக்குத் திங்கட்கிழமை எதுன்னு எப்படித் தெரியுது?" என்றாள் அம்மா. தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்பவள். முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறவள். மகளை மடியில் போட்டுக்கொண்டு மெல்லக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. வகுப்பில் அவள் எதைக் கேட்டாலும், "பாடத்துல இல்லாததைக் கேக்காத, உக்காரு" என்பாராம் டீச்சர். பிள்ளைகள் அவளுக்குக் 'கொக்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேள்விக்குறி மாதிரி எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டே இருக்கிறாளாம்.

பட்டாசின் அக்காதான் அதிகம் சண்டை போட்டவள். "ஊர் உலகமே ஒரு வழியில போகுது, உனக்கு மட்டும் என்னடா தனி வழி? நீ படிச்ச படிப்புக்கு வாத்தியார் வேலை வேறயா?" என்று கேட்டாள். அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் தூக்கம்.

பட்டாசு அசரவில்லை. காலையில் அம்மா கணக்கும் மொழியும் சொல்லிக்கொடுப்பாள். அவள் வேலைக்குக் கிளம்பியதும் அப்பாவின் முறை. வேலை இருந்தால் மகளும் கூடவே போவாள். பன்னிரண்டு மாடிக்கு லிஃப்டை மேலே இழுக்கிற கயிற்றின் மறுமுனையில் எதிர் எடை தொங்குவதைக் காட்டி, "நாம ஏறும்போது அது இறங்கும், அது ஏறும்போது நாம இறங்குவோம். மாமியார் மருமகள் மாதிரி!" என்பார். வயிற்று வலி போன இடம் தெரியவில்லை.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்ல முடியாது. தேனீயைப் பற்றி மகள் ஒரு மாதம் விடாமல் பேசுவாள். பின்னம் என்றால் பின்னங்கால் பிடரியில் பட ஓடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை பிள்ளைகள் வருவார்கள். வாய்ப்பாட்டை ரயில் மாதிரி ஓட்டுவார்கள். இவள் தேனீக் கதையை ஆரம்பித்தாலோ, "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுவார்கள். அவர்கள் போன பிறகு வீடு கொஞ்ச நேரம் வெறிச்சென்று இருக்கும். அதை அம்மா கவனித்தாள். பட்டாசு கவனிக்காத மாதிரி இருந்தார்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. லிஃப்ட் மூன்றாம் மாடியில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மூட மறுக்கிறது. மகளையும் கூட்டிக்கொண்டு போனார். டார்ச் அடித்துப் பார்த்தால், கதவு ஓடுகிற பள்ளத்தில் ஒரு பென்சில் துண்டு மாட்டியிருந்தது. குனிந்து அதை நெம்பிக்கொண்டிருந்தார்.

எதிரே ஏழாம் வகுப்பு. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே டீச்சர் கேட்டார், "வெயில் காலம் ஏன் வருது?"

வகுப்பு யோசித்தது. நடைபாதையிலிருந்து கணீரென்று ஒரு குரல், "பூமி சூரியனுக்குப் பக்கத்துல போறதால!"

பட்டாசுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகளேதான். அது அவர் சொல்லிக்கொடுத்த பாடமும்தான். வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. போச்சு, மறுபடியும் அந்த வயிற்று வலி என்று பென்சிலை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "பாதிப் பேர் மனசுல இருக்கறதை அந்தப் பொண்ணு தைரியமா சொல்லிடுச்சு. உள்ள வாம்மா. அது சரியா தப்பா, யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

கடைசி வரிசையில் ஒரு குண்டுப் பையன் எழுந்தான். "தப்பு டீச்சர். எங்க சித்தப்பா பூமியோட கீழ்ப்பாதியில இருக்கார். நமக்கு இங்க வேர்த்துக் கொட்டும்போது அவர் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுதான் வீடியோவுல வருவார்."

மகள் அப்படியே நின்றாள். அந்த முகம் அப்பாவுக்குத் தெரியும், ஏதோ பிடிபடப்போகிறது. "பக்கத்துல போனா மொத்த பூமியும்தானே பக்கத்துல போகும்? அப்ப உங்க சித்தப்பாவுக்கும் வேர்க்கணுமே!"

"அதைத்தான் நானும் சொல்றேன்!" என்றான் பையன்.

பிறகு ஒரே களேபரம். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரோ ஒரு பந்தை நீட்டினார்கள். "வெளிச்சம் வேணுமே" என்று டீச்சர் சொல்லி வாய் மூடவில்லை, பட்டாசு டார்ச்சோடு வகுப்புக்குள் நின்றார். அவர் டார்ச்சைப் பிடிக்க, குண்டுப் பையன் பந்தைப் பிடிக்க, மகள் அதை நிமிர்த்தினாள், சாய்த்தாள். பந்து சாய்ந்ததும் ஒரு பக்கம் வெளிச்சம் நேராக விழுந்தது. இன்னொரு பக்கம் சரிந்து, பரவி, மங்கியது.

"சாய்ஞ்சிருக்கு! பூமி சாய்ஞ்சிருக்கு!" என்று கத்தினாள்.

"சாய்ஞ்சிருக்கு!" என்று வகுப்பும் கத்தியது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியது பட்டாசு.

அப்போது கீழ்த்தளத்திலிருந்து தலைமையாசிரியையின் குரல் படியேறி வந்தது. "யாருங்க மேல? லிஃப்ட் வருமா வராதா?"

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து மகள் வழியெல்லாம் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள். "அப்பா, நாம தப்பா படிச்சிருக்கோம்பா! ரெண்டு வருஷமா!" ஏதோ பரிசு கிடைத்ததைப் போலச் சொன்னாள். வீட்டு வாசலில் இறங்கி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "நான் அங்க படிக்கவாப்பா?" என்று கேட்டாள்.

பட்டாசு நமுத்துப்போனார். சாப்பிட உட்கார்ந்ததும் நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னார். "தப்பும் தவறுமா சொல்லிக்கொடுத்து பிள்ளையைக் கெடுத்துட்டேன் போல" என்று முடித்தார்.

"ஏங்க, நாப்பது பேர் சிரிச்சும் நம்ம பிள்ளை அழல. அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கா. அந்தத் தைரியம் வர்றதுக்கு நம்ம வீடுதான் வேண்டியிருந்துச்சு" என்றாள் அவள். "ஆனா அந்தக் குண்டுப் பையனை நம்மால வீட்டுல செஞ்சு தர முடியாது, இல்லயா?"

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். சட்டென்று எழுந்தார். "நாளைக்கே போவோம்! அந்த டீச்சர் வகுப்புலதான் சேர்க்கணும்!"

அவர் கேட்டபடியே அதே வகுப்பில் இடம் கிடைத்தது. முதல் நாள் அவருக்கு வேலையில் கை ஓடவில்லை. ஐந்தாம் மாடிக்குப் போக வேண்டியவர் மோட்டார் அறையில் போய் நின்றார். மாலையில் பள்ளி வாசலில் மற்ற அப்பாக்களுக்கெல்லாம் முன்னால் போய் நின்று, மகளைக் கண்டதும் ஓடினார். "என்ன ஆச்சு? எப்படி இருந்துச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

மகள் முகம் சிவந்திருந்தது. "அநியாயம்பா! சந்திரன் ஏன் விழலன்னு பேசிட்டிருந்தோம். பாதியிலயே மணி அடிச்சு நிறுத்திட்டாங்க. வீட்டுல அப்படி யாராவது நிறுத்துவாங்களா?"

"அப்ப பிடிக்கலயாம்மா? நாளைக்குப் போக வேண்டாமா?"

"என்னப்பா நீங்க! போகாம எப்படி? மீதியைப் பேச வேண்டாமா?"

பட்டாசு ஸ்கூட்டரை உதைத்தார். "அதுவரைக்கும் என்கிட்ட சொல்லு. ஏன் விழல?"

அவள் ஆரம்பித்தாள். வீடு வந்தது; இருவரும் இறங்கவில்லை. வேலை முடிந்து தெருமுனையில் வந்துகொண்டிருந்த அம்மா, நிற்கிற ஸ்கூட்டரில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்த இரண்டு ஹெல்மெட்டுகளைப் பார்த்து நடையை எட்டிப்போட்டாள்.