நானே கொக்கி மாட்டிய பதினோரு மாதம்

மூட்டுவாதத்தில் என் விரல்கள் மடங்காமல் போன பிறகு, ஜாக்கெட் கொக்கியை என் வீட்டுக்காரர்தான் மாட்டிவிடுவார். தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்கப் புடவை பிரித்துக் காட்டுகிற மனிதர். எனக்கோ மானமே போகும், கத்துவேன். "சும்மா நில்லும்மா, கடைக்கு நேரமாச்சு" என்பார்.

அப்புறம் தேனாம்பேட்டை டாக்டர் ஒரு மாத்திரை எழுதித் தந்தார். என் எதிர்ப்புச் சக்தியே என் மூட்டைத் தாக்குகிறதாம். அதை அடக்கி வைக்கிற மருந்தாம். "அபூர்வமா சில பேருக்கு இதுல புற்றுநோய் வரலாம். எங்க கட்டி வந்தாலும் உடனே சொல்லணும்" என்றார். மூன்றாம் மாதம் கொக்கியை நானே மாட்டினேன். அடடா, அந்தக் காலை! மயிலாப்பூர் மாடவீதியில் கத்தரிக்காயை வேண்டுமென்றே ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். காய்காரம்மா, "இன்னாம்மா, பொண்ணா பாக்குற?" என்று கேட்டாள். அந்தப் பதினோரு மாதத்துக்காக இன்றும் ஏங்குகிறேன்.

கொக்கி மாட்ட அவர் வராததால், என் காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் வந்த கட்டி அவர் கண்ணில் படவில்லை. வலியும் இல்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், கை போய்விடும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டேன். அவர் கேட்டதற்குப் பல்வலி என்றேன். டாக்டரிடம் போகும் அன்று மட்டும் கறையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, தலைமுடியைத் தளர்த்தி மறைத்துக்கொண்டேன்.

"கட்டி ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

எத்தனை சுலபமாக வந்தது அந்தப் பொய்!

அதற்குப் பிறகு மூன்று மாதம் கழித்து டாக்டர் தானே கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். நிணநீர்ப் புற்றுநோய். வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. "கையில்லன்னா என்னடி, நான் இல்லையா?" என்று ஆட்டோவில் அழுதார்.

மாத்திரை நின்றது. புற்றுநோய்க்கு ஊசி மருந்து ஏற்றினார்கள், கட்டி கரைந்தது. ஆனால் விரல்கள் பழையபடி இறுகிவிட்டன. இப்போது மறுபடி அவர்தான் கொக்கி மாட்டுகிறார். மாட்டும் முன் என் கழுத்தின் இரண்டு பக்கமும் தடவிப் பார்ப்பார்.

"இருக்கா?" என்று கேட்பேன்.

"இல்ல" என்பார்.

இன்று காலை அவர் விரல் ஓரிடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. கேட்டேன். "இல்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அன்றைக்கு நானும் டாக்டர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.