பக்கம் மாறாத உயிரணு

உர்சுலா என் சித்தப்பா செபாஸ்டியனின் ஒரே மகள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவள். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வாளர். சென்ற ஆண்டு நம் குடும்பப் பதிவில் அவளுடைய கண்டுபிடிப்பைப் பெருமையோடு எழுதினேன். அதன் பின்னர் நடந்ததையும் எழுதாவிட்டால் அந்தப் பக்கம் பொய்யாகிவிடும்.

அவளுடைய வேலை இதுதான். கேரி தீவின் சேற்றில் வளையம் வளையமாக உடல் கொண்ட கடற்புழு ஒன்று வாழ்கிறது. அதன் கரு இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டிருக்கும்போதே, நுண்ணோக்கியில் கண்வைத்து, ஒரே ஓர் உயிரணுவுக்குள் கண்ணாடி ஊசியால் ஒளிரும் சாயத்தைச் செலுத்துவாள். அதிலிருந்து பிரியும் உயிரணுக்கள் எல்லாம் அந்தச் சாயத்தைச் சுமக்கும். இளம்புழு உருவானதும் அதைப் படமெடுப்பாள். எந்தப் பகுதி ஒளிர்கிறதோ, அது அந்த உயிரணுவின் சந்ததி.

இடப்பக்க உயிரணு ஒன்றுக்குச் சாயம் கொடுத்தபோது, படத்தில் புழுவின் வலப்பக்கம் ஒளிர்ந்தது. அந்த உயிரணுவின் சந்ததி நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் போகிறது என்று அவள் எழுதியதை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று வெளியிட்டது. அதை வைத்தே பல்கலைக்கழகம் அவளை நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கான நேர்காணலுக்கு அழைத்தது. அவளிடம் பயிலும் ஆஷிக், அந்தக் கடத்தல் எப்போது நிகழ்கிறது என்பதையே தன் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டான். கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் கிஃபாயத்துல்லாவின் மகன் அவன். எவ்வளவு முன்கூட்டிப் படமெடுத்தாலும் உயிரணுக்கள் ஏற்கெனவே கடந்துபோயிருப்பதாகவே தெரிகிறது என்று அலுத்துக்கொள்வான்.

சித்தப்பாவின் நினைவுத் திருப்பலிக்காக அவருடைய பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டுக்கு வந்த உர்சுலாவிடம் அதைக் காட்டினேன்.

"பாரும்மா, கடைக்காரன் செஞ்ச வேலைய. பிலிமைத் திருப்பி வச்சிட்டான். சித்தப்பா வலது கையில வாட்ச் கட்டியிருக்கார்."

"சட்டைப் பாக்கெட்டும் ரைட் சைட்ல இருக்கு லா, ரேமண்ட் அண்ணே. அப்பா இருந்திருந்தா அவனுக்குச் சிவப்பு சிக்னல்தான்," என்று சிரித்தாள். சித்தப்பா ரயில்வே சிக்னல் கேபினில் வேலை பார்த்தவர்.

"முகத்தை மட்டும் பார்த்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது. பாக்கெட்டும் வாட்சும்தான் காட்டிக்கொடுத்துச்சு."

அவள் சிரிப்பு நின்றுபோயிற்று. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புழுவுக்குப் பாக்கெட் கிடையாது அண்ணே," என்றாள் மெல்ல. பிறகு, "என்னை லேப்ல கொண்டுபோய் விடுறீங்களா?" என்றாள்.

போகும் வழியில் விளக்கினாள். சாயம் செலுத்தும்போது அவள் கருவைத் தன் கண்ணால் பார்க்கிறாள். இளம்புழுவைப் படமெடுப்பது புதிய கேமரா. அதற்குள் ஒரு கண்ணாடி இருக்கிறது. அது படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டிருந்தால்?

ஆய்வுக்கூடத்தில், நாளிதழ்த் துண்டொன்றைக் கிழித்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். கண்வழியே எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. தாளைச் சுழற்றியதும் படிக்க முடிந்தது. கணினித் திரையிலோ எந்தப் பக்கம் சுழற்றியும் படிக்க முடியவில்லை. அவை கண்ணாடியில் பார்த்த எழுத்துகள்.

"எதுவும் கடக்கல. இடது இடதுலயேதான் இருந்திருக்கு," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்ப என்னம்மா செய்யப்போற?"

"முதல்ல ஆஷிக்கிட்ட சொல்லணும்."

அன்று மாலையே அவன் கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். நானும் உடனிருந்ததால், கேட்டதை அப்படியே எழுதுகிறேன். நாளிதழ்த் துண்டைத் திரையில் பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப நான் இத்தனை நாளா எதை அக்கா தேடிட்டு இருந்தேன்?"

"கேமராவை மாட்டினது நான். சரிபார்த்திருக்க வேண்டியதும் நான்தான், ஆஷிக்."

"நீங்க கண்ணாடிய மாட்டுனீங்க, நான் தலையக் கொண்டுபோய்க் குடுத்தேன். வாப்பா கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் டாக்டர் ஆஷிக்னு சொல்லி வச்சிருக்காரு. இப்ப என்ன சொல்வாரு, மகன் தப்பான பக்கம் பார்த்துட்டான்னா?"

அவன் சற்றுத் தணிந்த குரலில் தொடர்ந்தான்.

"அடுத்த மாசம் உங்க இன்டர்வியூ. அது முடியட்டும் லா, அக்கா. நானும் தீசிஸைக் குடுத்துடறேன். அப்புறம் சொல்லிக்கலாம். இவ்வளவு நாள் யாருக்குத் தெரிஞ்சுது?"

"அதுக்குள்ள வேற யாராவது இதை நம்பி ஆரம்பிச்சிருவாங்க."

"ஆரம்பிக்கட்டுமே!"

"நீயும் அப்படித்தானே ஆரம்பிச்ச?"

ஆஷிக் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். வாசலில் நின்று, "சரி, டாக்டர்," என்றான். அதுவரை அவன் அவளை அக்கா என்று மட்டுமே அழைத்து நான் கேட்டிருக்கிறேன்.

அந்த வாரமே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக உர்சுலா ஆய்விதழுக்கு எழுதினாள். நேர்காணல் ஒத்திவைக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. புதிய தேதி இதுவரை வரவில்லை. அவளது ஒப்பந்தம் இந்த ஆண்டோடு முடிகிறது. உறவினர் சிலர், வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமே என்று என்னிடம் கேட்டார்கள். அவளிடம் கேட்க யாருக்கும் துணிவில்லை.

ஆஷிக் படிப்பை விட்டுவிடவில்லை. தொடக்கத்திலிருந்து மறுபடி சாயம் செலுத்துகிறான். அதற்குப் புதிய புழுக்கள் வேண்டும் என்பதால், கடல்நீர் வற்றும் நாள்களில் உர்சுலா அவனோடு கேரி தீவுக்குப் போய் முழங்கால் சேற்றில் தோண்டுகிறாள். ஒப்பந்தம் முடியுமுன் அவனுக்குப் போதிய கருக்கள் கிடைத்துவிட வேண்டும் என்பது ஒன்றே இப்போது அவள் கவலை.

சென்ற சனிக்கிழமை சேறு காயாத காலோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னிக்காவது பேசினானா?" என்று கேட்டேன்.

"பேசினான் அண்ணே. வாளியக் காட்டி, 'இது போதுமா, டாக்டர்'னு கேட்டான்," என்று சொல்லிவிட்டு, கால் கழுவக் குழாயடிக்குப் போனாள்.