வேப்பிலை கட்டிய வாசலில் அம்மை குத்துகிறவன்

பெரியம்மை வராமல் தடுக்க அம்மை குத்துகிறவன் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் கேட்பது கதவு சாத்துகிற சத்தம்தான். வீடு வீடாக நல்லது சொல்லப் போய் ஏச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரம் பூராவும் நடந்தவன் நான். வேலையில் ஒருநாளும் சலித்ததில்லை. எதையும் ஏன், எப்படி என்று நோண்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

கன்றுக்குட்டி சமாச்சாரம்

கன்றுக்குட்டியின் கொப்புளத்தில் எடுத்த நீரை, அம்மைப்பாலை, நம் கையில் கீறி வைத்தால், பெரியம்மை ஏன் நம்மை அண்டுவதில்லை? மேலதிகாரியிடம் கேட்டேன். "வேலையைப் பாரும்" என்றார். சரிதான் என்று நானே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: உடம்பு சின்னச் சண்டை ஒன்று போட்டுப் பழகிக்கொள்கிறது, பிறகு பெரிய சண்டைக்கு அசருவதில்லை.

இதை ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தரிடம் விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், முதலில் தன் கையை நீட்டினார், பிறகு பிள்ளைகளையும் கூப்பிட்டார். எனக்கு ஏகப் பெருமை. விளங்கிச்சா என்று கேட்டேன்.

"ஒண்ணும் வெளங்கலை. ஆனா இம்புட்டு வெயில்ல நடந்து வந்து பொய் சொல்ல எவனுக்கும் தெம்பு இருக்காதுய்யா."

ஒரே மகள்

சோழபுரத்தில் பெரியம்மை கண்டுவிட்டது என்று கேள்விப்பட்டதும், அது பரவுமுன் முந்திக்கொள்ள மம்சாபுரத்துக்கு ஓடினேன். அங்கே விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பேச்சியம்மா முந்தின வருஷம்தான் மூத்த மகனை அம்மைக்குப் பறிகொடுத்திருந்தாள். மிச்சம் இருந்தது தவழ்கிற வயசில் ஒரு மகள்.

"ஆத்தாளோட போட்டி போடவா வந்திய?" என்று வழியை மறித்தாள். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. "போன வருஷம் நீ யாரோட போட்டி போட்டே தாயி? கும்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தே?" என்றேன். அவள் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்து நீட்டினாள்.

"கீறுங்க. இதுக்கு ஒண்ணுன்னா நீங்க உசுரோட ஊரு தாண்ட மாட்டிய."

வாசலில் வேப்பிலை

குத்தினது பலித்திருக்கிறதா என்று ஒரு வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். போனால், அவள் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்குகிறது. அம்மை கண்ட வீடு, வெளியாள் உள்ளே போகக் கூடாது. நான் முந்துவதற்குள் அது முந்திவிட்டதோ என்று நினைத்தேன். அவள் சொன்ன மிரட்டல்கூட ஞாபகத்துக்கு வரவில்லை, அந்தப் பிள்ளை முகம்தான் வந்தது.

வாசலில் நின்றே, "எங்கெல்லாம் போட்டிருக்கு?" என்று கேட்டேன். பேச்சியம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து காட்டினாள். நான் கீறின இடத்தில் மட்டும் முத்துமுத்தாகக் கொப்புளம். மற்றபடி உடம்பு பளிச்சென்று இருந்தது. லேசான காய்ச்சல், அவ்வளவுதான். குத்தினது நன்றாகப் பலித்திருந்தது. கொப்புளத்தைக் கண்டதும் ஆத்தா வந்துவிட்டாள் என்று வேப்பிலை கட்டி, தாளிப்பை நிறுத்தி, வீடே விரதம் இருக்கிறது.

"இது நான் வச்சதும்மா" என்றேன்.

"நீங்க வச்சாலும் வந்தவ அவதான. போன தடவை கோவமா வந்தா. இந்தத் தடவை பிள்ளை கையில மட்டும் உக்காந்துட்டுப் போறா."

மம்சாபுரத்துக்கும் பெரியம்மை வந்து போனது, அந்தப் பிள்ளையைத் தொடவில்லை. பேச்சியம்மா அதற்கு நன்றியாகக் கஞ்சி ஊற்றியது ஆத்தா கோயிலில்தான், ஆனாலும் ஒரு செம்பு எனக்கும் வந்து சேர்ந்தது.