அங்காளம்மாவின் இடது இடுப்பு

செம்பாக்கத்துப் பக்கம் ஒரு மீன் சந்தை. அங்காளம்மா அங்கே கூடையோடு குந்தினால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டாள். எழுந்து எங்கே போவது? பெண்பிள்ளை ஒதுங்க ஓர் இடம் கிடையாது. அதனால் மீன்காரிகள் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. முட்டிக்கொண்டு வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள்.

அங்காளம்மாவுக்கு இடது இடுப்பில் வலி வந்து ஒரு வருஷமாகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. "சும்மா நடிக்கிறா" என்று புருஷன் பாலகுரு தெருவெல்லாம் சொல்லிவிட்டான். சுனாமிக்குப் பிறகு கடல் பக்கமே தலைவைத்துப் படுக்காத மகராசன்! மீன் விற்பதோ பொம்பளை வேலையாம். அவள் குந்தி மீன் அரிந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். இனிமேல் குந்த முடியுமா, முடியாதா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

டாக்டர் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே கையில் ஊசி போட்டார்கள். அந்த மருந்து எலும்பில் போய் ஒட்டும், பிறகு மெஷின் அதைப் படம் பிடிக்கும் என்றான் படமெடுக்கும் சுந்தர்சிங்.

"நிறைய தண்ணி குடிங்கம்மா, அடிக்கடி பாத்ரூம் போங்க. அப்புறமா கூப்புடறேன்."

பழக்கம் விடுமா? கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் திறக்கவே இல்லை. தெரியாத இடத்தில் யாரைக் கேட்டு எங்கே ஒதுங்குவது என்ற கூச்சம் வேறு. முட்டிக்கொண்டு வந்ததையும் அடக்கிக்கொண்டு, மூன்று மணி நேரம் பெஞ்சில் பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தாள்.

படத்தைப் பார்த்த சுந்தர்சிங் தலையில் கைவைத்துக்கொண்டான். "இன்னாம்மா நீங்க! மூத்திரப்பை ரொம்பிக் கீது. மருந்தெல்லாம் அங்கியே தேங்கி இடுப்ப மறைக்குது. திரும்ப எடுக்கணும்."

"அடக்கியே பழக்கமாப் பூட்ச்சு தம்பி" என்றாள்.

அவன் கோபம் இறங்கிவிட்டது. தானே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பாத்ரூமுக்கு வழியும் காட்டினான்.

இரண்டாவது படம் தெளிவாக வந்தது. எல்லா எலும்பும் தெரிந்தது. இடது தொடையெலும்பின் உருண்டைத் தலை மட்டும் மருந்து ஒட்டாமல் வெற்றிடமாகக் கிடந்தது.

"அங்க ரத்தம் போகலம்மா, எலும்பு செத்துக்கிட்டு வருது. ஆபரேஷன் பண்ணணும். இனிமே தரையில குந்தவே கூடாது" என்றார் அந்த ஆஸ்பத்திரி டாக்டர்.

பட்ட காலிலேயே படும் என்று சும்மாவா சொன்னார்கள்!

மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நாளைக்கே போய்க் குந்திவிடலாமா என்று வழியெல்லாம் யோசனை. யாரிடமும் எதையும் விளக்க அவளுக்குத் தெம்பில்லை.

வாசலில் பாலகுரு பீடியோடு நின்றான். "இன்னா, இந்தப் படத்துலயும் ஒண்ணும் இல்லியாமா?"

எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம்! உறையிலிருந்து படத்தை உருவி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நல்லா பாருய்யா! எலும்பு செத்துப் பூட்ச்சாம். இது நடிப்பா? இனிமே நான் குந்தவே கூடாதாம்."

அவன் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிற்று. பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"அப்போ நாளிக்கு சந்தையில யாரு குந்துறது?"

அங்காளம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அரிவாள்மனையை எடுத்துவந்து அவன் காலடியில் வைத்தாள்.

"நீ குந்து."